பயனாளி உச்சிமாகாளி

முதலில் எனக்குக் கெடுதல் செய்தவர் எமல்டா மேடம். அதற்கப்புறம்தான் மற்றவர்கள். வரிசை மாறாமல் சொன்னால்தான் உங்களுக்கும் புரியும், எனக்கும் ஆத்திரம் ஒழுங்காக வரும்.

உட்காருங்கள் சார். அந்த நாற்காலி வேண்டாம், அது என்னுடையது. இந்த ஸ்டூலில் உட்காருங்கள். மேடத்தைப் பார்க்கத்தானே வந்தீர்கள்? மாடியில்தான் இருக்கிறார். ஆனால் இப்போது பார்க்க முடியாது. இன்றைக்குப் போன் வகுப்பு. அது முடிகிறவரை யார் வந்தாலும் இந்த வேப்பமரத்தடிதான். எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள்? மதுரைப் பக்கமா? அங்கேயும் வாத்தியார் வேலைக்குப் படிக்க வைக்கிற காலேஜ்தானா? அப்படியானால் இந்த வாசல் கேட்டைப் பார்க்க வந்திருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். உங்களைப் போல எத்தனையோ பேர் வந்துவிட்டார்கள். வருகிறார்கள், கேட்டைப் பார்க்கிறார்கள், கயிற்றைப் பிடித்து இழுக்கிறார்கள், செல்போனில் படம் எடுக்கிறார்கள். அப்புறம் என் பக்கம் திரும்பி, “இவர்தானா அவர்?” என்கிறார்கள். எவர் சார்? நான் எவர்? அதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் பெயர் உச்சிமாகாளி. இந்தக் காலேஜுக்கு வாட்ச்மேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன், எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இங்கே வருவதற்கு முன்னால் ரைஸ் மில்லில் மூட்டை சுமந்தேன். அங்கே தேய்ந்த முழங்கால்தான் இது. ஒருத்தரிடமும் ஒன்றும் ஓசியாக வாங்கியவன் இல்லை நான். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு வேட்டி சேலை கொடுத்தார்கள், வரிசையில் போய் நிற்கவில்லை. மிக்சி கொடுத்தார்கள். என் பெண்டாட்டி அழுதாள். ஊரே வாங்கியிருக்கு, நாம மட்டும் என்ன என்றாள். நான் போகவில்லை, அவளையும் போக விடவில்லை. சாகும்வரை அவள் அம்மியில்தான் அரைத்தாள். தோள்பட்டை வலிக்கிறது என்பாள். மானம் வலிக்காமல் இருக்கிறதே, அது போதாதா என்பேன். அப்படி வாழ்ந்தவன் சார்.

சரி, எமல்டா மேடத்துக்கு வருகிறேன்.

போன வருடம் காலேஜ் திறந்ததும் மேடம் ஒரு கூட்டம் போட்டார். நான் டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றேன். சுவரில் பெரிதாக எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன்: புத்தாக்கத் திறன். புத்து தெரியும். இந்த மதிலுக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது, செவ்வாய்க்கிழமை பெண்கள் வந்து பால் ஊற்றுவார்கள். அந்தப் புத்துக்கு எதையோ ஆக்கிப் படைக்கப் போகிறார்கள் போல என்று நினைத்தேன். அந்த அம்மாவோ ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், பைபிளும் கையுமாக. இவருக்கு எதற்குப் புத்து என்று எனக்கு ஒரே குழப்பம்.

கேட்டுவிட்டேன். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. சிரிக்காமல் விளக்கம் சொன்னார். அதுதான் இன்னும் மோசம்.

“அண்ணாச்சி, இந்தப் பிள்ளைங்க நாளைக்கு ஒரு பள்ளிக்கூடத்துல போய் நிப்பாங்க. அங்க போர்டு இருக்காது, சாக்பீஸ் இருக்காது. பாடத்தை எப்படியாச்சும் புரிய வைக்கணும்லா? புதுசா யோசிக்கிற பழக்கத்தை இங்கயே உண்டாக்கப் போறோம். பாதி வகுப்பு போன்ல, பாதி வகுப்பு நேர்ல. போன்ல பாத்துட்டு வந்ததை இங்க கையால செஞ்சு பாப்பாங்க. இதுக்குப் பேரு கலப்பு முறை.”

“எதுல மேடம் கலப்பு? பால்லயா?”

மறுபடியும் சிரிப்பு. நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. எங்கள் மில்லில் நல்ல அரிசியில் குருணையைக் கலந்த ஒரு மேஸ்திரியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. இவர் படிப்பில் கலக்கிறார், இவருக்கு மேலிடத்திலிருந்து பாராட்டு வருகிறது.

அதிலிருந்து வாரத்தில் பாதி நாள் இந்தக் கட்டடத்தில் ஆள் கிடையாது. பிள்ளைகள் அவரவர் வீட்டில். மேடம் மட்டும் வருவார், மாடியில் தனியாக உட்கார்ந்து லேப்டாப்பைப் பார்த்துப் பேசுவார். காலி பெஞ்சுகளுக்கு நான் காவல். மேடம் கேள்வி கேட்பார், பதில் வராது. “எல்லாரும் கேமராவை ஆன் பண்ணுங்க, எல்லாரும் கேமராவை ஆன் பண்ணுங்க” என்பார். செத்த வீட்டில் ஒப்பாரி வைக்கிற மாதிரி ஒரு குரல். எனக்கு அருவருப்பாக இருக்கும்.

ஒரே ஒரு பிள்ளை மட்டும் போன் வகுப்பு நாளிலும் இங்கே வரும். முப்பிடாதி. மலையடிவாரத்து ஊர், அங்கே டவர் எடுக்காது. அதனால் பஸ் பிடித்து வந்து, இதோ நீங்கள் உட்கார்ந்திருக்கிற இதே ஸ்டூலில் உட்கார்ந்து போனைப் பார்க்கும். கூத்தைக் கேளுங்கள். மேடம் மேலே பேசுவது முதலில் ஜன்னல் வழியாக என் காதில் விழும். கொஞ்சம் பொறுத்து அதே பேச்சு இந்தப் பிள்ளையின் போனில் வரும். “முப்பிடாதி, உங்க குரல் கேக்கல” என்பார் மேடம். நான் மரத்தடியிலிருந்து, “இங்கதான் இருக்கா மேடம், கத்தச் சொல்லட்டுமா?” என்று கத்துவேன். “அண்ணாச்சி, மைக்ல நீங்க கேக்கீங்க!” என்று மேலேயிருந்து சத்தம் வரும். ஏறிப்போனால் பத்துப் படி. அந்தப் பத்துப் படியை விட்டுவிட்டு, ஆகாயத்துக்குப் போய்த் திரும்பி வருகிறது இவர்கள் படிப்பு.

ஒரு நிமிடம் சார், வேன் வருகிறது. ...ம், போய்விட்டது.

இல்லை இல்லை, கயிற்றை நான் இழுக்கவில்லை. கைக்கு நேராகத் தொங்குகிறது, பட்டுவிட்டது. நான் அதைப் பயன்படுத்துவதே கிடையாது.

எங்கே விட்டேன்? முப்பிடாதி. நல்ல பிள்ளைதான். என்னைத் தாத்தா என்று கூப்பிடும். அவளுக்கும் சேர்த்து டீ வாங்கி வைப்பேன். ஒருநாள் வந்து, “தாத்தா, எங்களுக்கு ஒரு வேலை குடுத்திருக்காங்க. நீங்கதான் ஒத்தாசை செய்யணும்” என்றாள்.

“என்ன வேலை?”

“யாராவது ஒருத்தர்கிட்ட உக்காந்து அவங்க கஷ்டத்தைக் கேக்கணும். நடுவுல பேசக்கூடாது. யோசனை சொல்லக்கூடாது. அவங்க நிறுத்துற வரைக்கும் கேட்டுட்டே இருக்கணும்.”

என்னால் நம்ப முடியவில்லை. இப்படி ஒரு படிப்பா? நிறுத்துகிற வரைக்கும் கேட்கிற படிப்பா? அடேயப்பா, இத்தனை நாள் கழித்து இந்தக் காலேஜில் உருப்படியாக ஒன்று சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று நினைத்தேன். ஏமாந்தேன்.

மத்தியானம் ஆரம்பித்தேன். கடைசி பஸ் ஹாரன் அடிக்கிறவரை பேசினேன். என்ன பேசினேன் என்றால், என் அண்ணன் பலவேசத்தைப் பற்றிப் பேசினேன். வேறு யாரைப் பற்றிப் பேசுவேன்?

நாங்கள் இரண்டு பேர்தான். அப்பா கட்டிய மண் வீட்டை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். ஒரு ஐப்பசி மழையில் அவன் பக்கத்துச் சுவர் விழுந்தது. விழுந்தால் என்ன, மண்ணைக் குழைத்து எடுத்துக் கட்ட வேண்டியதுதானே? இவன் என்ன செய்தான்? பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போய் அரசாங்க வீட்டுக்கு எழுதிக் கொடுத்தான். அது போதாதென்று என் வாசலில் வந்து நின்று, “ஏலே, உனக்கும் சேத்து எழுதிக் குடுக்கட்டுமா?” என்று கேட்டான். என்னைப் பார்த்து! நான் கதவைச் சாத்திவிட்டேன்.

வீடு கிடைத்தது. தளம் போட்ட வீடு. சுவரில் நீல எழுத்தில் எழுதினார்கள், அது அரசாங்க வழக்கம், நீங்களும் பார்த்திருப்பீர்கள். இன்ன திட்டம், இன்ன வருடம், பயனாளி பெயர் பலவேசம். நான் தெருவில் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். சத்தமாகப் படித்தேன். ப, ய, னா, ளி. அன்றைக்கே அவனுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டேன். டீக்கடையில், “என்னவே, பயனாளி வந்தானா?” என்பேன். முடிவெட்டுகிற இடத்தில், “பயனாளிக்கு முதல்ல வெட்டி விடு, அரசாங்கத் தலை” என்பேன். ஒரு மாதத்தில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. இன்றைக்கும் எங்கள் ஊரில் போய்ப் பலவேசம் வீடு எது என்று கேளுங்கள், தெரியாது என்பார்கள். பயனாளி வீடு எது என்று கேளுங்கள், சின்னப் பிள்ளை கூடக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். அந்தப் பெயரை வைத்தது நான். வாழ்க்கையில் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்தேன்.

அவன் மகள் கல்யாணம் வந்தது. எனக்குப் பத்திரிகை வைத்தான், போனேன். போகாமல் இருப்பேனா, ரத்த உறவு. பந்தியில் உட்கார்ந்தேன். சாம்பார் வாளியோடு அவனே வந்து எனக்கு ஊற்றினான். “பயனாளி வீட்டுச் சாப்பாடுன்னா அரசாங்கச் சாப்பாடுல்லா! ரேஷன் கார்டு கொண்டாரல, சோறு உண்டுமா?” என்றேன். பந்தியே சிரித்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் அதற்கு மேல் சிரித்தார்கள். அவன் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பந்தலுக்குப் பின்னால் போனான். அதோடு சரி. அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. ஒரு தமாஷுக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போகிறவனை என்ன சொல்வது? பேச்சை நிறுத்தியது அவன். நான் இல்லை. நன்றாகக் கவனியுங்கள், நான் இல்லை.

இதையெல்லாம்தான் முப்பிடாதியிடம் சொன்னேன். அந்தப் பிள்ளை நடுவில் பேசவேயில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்காங்க தாத்தா?” எனக்கு எப்படித் தெரியும்? அது என் கதையா? அவளை மாமியார் வீட்டில் பயனாளி மகள் என்று கூப்பிடுகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும், பொய்யா சொல்கிறார்கள் என்றேன். அவள் பஸ்ஸுக்கு எழுந்திருக்கும்போது நான் காலைப் பிடித்துக்கொண்டு, “இந்த கேட்டு வேற, தள்ளித் தள்ளி முழங்கால் போச்சு” என்று ஒரு வார்த்தை சொன்னேன். போகிற போக்கில் சொன்னது சார். ஒரு வார்த்தை.

அடுத்த நேர் வகுப்பு நாளில் ஹாலுக்குள் எட்டிப் பார்க்கிறேன். சுவர் முழுக்க மஞ்சள் துண்டு, பச்சைத் துண்டு. பின்னால் பசை தடவிய காகிதம், அதில் எழுதி ஒட்டுவார்கள். ஒட்டி ஒட்டி, உரித்து உரித்து, காற்றில் பறந்து முற்றமெல்லாம் அதுதான், கூட்டுவது யார்? நான். இரண்டு பெரிய கட்டம் போட்டிருந்தார்கள். ஒன்றின் தலையில் ‘நம்மால் முடிந்தது’. இன்னொன்றின் தலையில் ‘நம்மால் முடியாதது’. முடிந்தது கட்டத்தில் ‘கேட் கனம், முழங்கால் வலி’ என்று ஒரு துண்டு. முடியாதது கட்டத்தில் ஓரமாக ஒரு துண்டு. ‘அண்ணன்.’ அவ்வளவுதான். கடைசி பஸ் வரைக்கும் நான் பேசிய பேச்சு, அண்ணன் என்று நாலு எழுத்து. அதுவும் முடியாததில்.

“ஏ பிள்ளை, என்னது இது?” என்றேன்.

முப்பிடாதிக்கு முகம் சுருங்கிவிட்டது. “நான் முதல்ல அண்ணன்னு எழுதினதைத்தான் தாத்தா முடிஞ்சது பக்கம் ஒட்டியிருந்தேன். மேடம் எடுத்து இங்க ஒட்டிட்டாங்க. நம்ம கையில இருக்கிறதைத்தான் எடுக்கணுமாம். இது அவரு கையில இருக்குன்னு சொன்னாங்க.”

“எவரு கையில? பலவேசம் கையிலயா?”

அந்தப் பிள்ளை குனிந்து கீழே விழுந்த துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். நானும் விட்டுவிட்டேன். பலவேசம் கையில்தான் இருக்கிறது என்று மேடத்துக்கே தெரிந்திருக்கிறது பாருங்கள். தெரிந்திருந்தும் முடியாததில் ஒட்டியிருக்கிறார்.

அப்புறம் கேட் வேலை ஆரம்பித்தது. பழைய சைக்கிள் வீல் ஒன்று, கயிறு, ஒரு சாக்கில் மணல். அதுகளைக் கட்டித் தொங்கவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்து இழுத்தால் கேட் தானாக நகரணும், அதுதான் திட்டம். நான் கேட்டேனா? ஒருத்தரிடமும் கேட்கவில்லை. முதல் தடவை கட்டினார்கள், சாக்குக் கிழிந்து மணல் என் சாப்பாட்டுத் தூக்கில். இரண்டாம் தடவை கட்டினார்கள், யாரும் தொடாமலே கேட் திறந்துகொண்டது. ரோட்டில் போன ஆட்டு மந்தை உள்ளே வந்துவிட்டது. நான் கம்பை எடுத்துக்கொண்டு ஓடுகிறேன், ஆடு ஹாலுக்குள் போய்ச் சுவரில் இருந்த மஞ்சள் துண்டு பச்சைத் துண்டு எல்லாவற்றையும் தின்கிறது. முடிந்ததையும் தின்றது, முடியாததையும் தின்றது.

மேடம் ஓடி வந்தார். திட்டப் போகிறார் என்று பார்த்தேன். கை தட்டுகிறார் சார்! “சூப்பர்! இப்ப நாம என்ன கத்துக்கிட்டோம்?” என்கிறார். பிள்ளைகளும் கை தட்டுகிறார்கள். புழுக்கையை அள்ளுகிறவன் நான், கை தட்டுகிறவர்கள் அவர்கள். மில்லில் நான் ஒரு மூட்டையைத் தவறவிட்டால் மேஸ்திரி கெட்ட வார்த்தையில் திட்டுவான். அதில் ஒரு மரியாதை இருந்தது. தவறினவனுக்குக் கை தட்டுகிற இடத்தில் மனிதன் எப்படி வேலை பார்ப்பான்?

மூன்றாம் தடவை வேலை செய்தது. செய்துவிட்டுப் போகட்டும்.

இனிமேல்தான் விஷயம். கடைசியில் ஒரு விழா வைத்தார்கள். பெரிய அதிகாரி ஒருவர் வந்திருந்தார். பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்திருந்தார்கள், ஒவ்வொரு கூட்டமும் தாங்கள் செய்ததைப் படம் எடுத்துத் திரையில் போட்டுக் காட்டணும். என்னை முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். முப்பிடாதி கூட்டத்தின் படம் வந்தது. கேட் தெரிந்தது. நான் தெரிந்தேன். நொண்டி நொண்டிக் கேட்டைத் தள்ளுகிறேன். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து கயிற்றை இழுக்கிறேன். என் முகத்துக்குக் கீழே எழுத்து வந்தது. கூட்டிப் படித்தேன்.

ப. ய. னா. ளி.

பயனாளி: திரு. உச்சிமாகாளி.

 எந்த எழுத்தை நான் தெருவில் நின்று சத்தமாகப் படித்தேனோ, அதே எழுத்து. சுவரிலாவது சுண்ணாம்பு அடித்தால் போய்விடும். இது என்ன அடித்தாலும் போகாதாம், ஊர் ஊராகப் போகுமாம்.

எழுந்து நின்றேன். “நிறுத்துங்க!” என்றேன். நான் பேச ஆசைப்படுகிறேன் என்று நினைத்து மைக்கைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டார்கள்.

“எனக்கு எவனும் எதையும் ஓசியாத் தரல. இந்தப் பேரு எனக்கு வேண்டாம். எடுங்க இதை!” என்றேன்.

கை தட்டினார்கள். அதிகாரி எழுந்து, “பார்த்தீர்களா, எவ்வளவு தன்னடக்கம்! பெயர் கூட வேண்டாம் என்கிறார்!” என்றார். பொன்னாடை போட்டார்கள். அதுவும் ஓசிதானே, மடித்து மேஜையிலேயே வைத்துவிட்டேன். அதற்கும் கை தட்டினார்கள்.

விழா முடிந்ததும் மேடத்தைப் பிடித்தேன். “ஏன் மேடம் என்னைப் பயனாளின்னு போட்டிய?”

“ஐயோ அண்ணாச்சி, அது தப்பான வார்த்தை இல்ல. இங்கிலீஷ்ல யூசர்னு இருக்கும். பயன்படுத்துறவர்னு அர்த்தம். பாடத்தைத் தமிழ்ல எழுதும்போது பயனாளின்னு நான்தான் போட்டேன். நம்ம பயிற்சியில அவருதான் முக்கியமான ஆளு. அவரை வச்சுத்தான் எல்லாமே.”

“அந்த வார்த்தையை எடுங்க.”

“படம் போட்டிக்கு அனுப்பியாச்சே அண்ணாச்சி. அடுத்த வருசப் பாடத்துல கண்டிப்பா மாத்திருதேன்.”

அடுத்த வருடப் பாடமாம்! என் முகத்துக்குக் கீழே இருக்கிறதை விட்டுவிட்டு, யார் முகத்துக்குக் கீழேயோ மாற்றுவாராம்.

அந்தப் படத்துக்குத்தான் பரிசு கிடைத்தது. அதனால்தான் நீங்கள் எல்லாம் வருகிறீர்கள். பரிசு கிடைத்ததும் எல்லார் போனுக்கும் போனது. எங்கள் ஊருக்கும் போனது. பலவேசத்தின் பேரன் காட்டியிருக்கிறான்.

ஒரு வியாழக்கிழமை, நேர் வகுப்பு, பிள்ளைகள் எல்லாம் முற்றத்தில். கேட்டுக்கு வெளியே ஒரு கிழவன் நிற்கிறான். தோளில் துண்டு, கையில் ஒரு பாட்டில். யாரோ பிச்சை கேட்க வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அவ்வளவு வயதாகிவிட்டது அவனுக்கு.

“என்னலே பயனாளி,” என்றான், “சௌக்கியமா?”

 என் வாழ்க்கையில் பலவேசத்துக்கு ஒரு பதில் வராமல் நான் நின்றது அன்றைக்குத்தான். பிள்ளைகள் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

“காலு ரொம்ப நோவுதோ? படத்துல நொண்டுதியே. இந்தா, எண்ணெய். எனக்கும் இதைத்தான் போடுதாவ, கேக்கும்.”

“ஓசியாக் குடுக்கியோ?” என்றேன்.

சிரித்தான். பந்தலில் எல்லாரும் சிரித்தது போல இல்லை. வேறு மாதிரிச் சிரித்தான். “ஆமாலே, ஓசிதான். பயனாளிக்குப் பயனாளி” என்றான். அப்புறம் கேட்டைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தணித்து, “இந்தப் பேரை நானும் எம் மவளும் அந்தக் கல்யாணத்துல இருந்து சுமக்கோம். உனக்கு நேத்துத்தான வந்துச்சு? முதல்ல ராத்திரி தூக்கம் வராது. அப்புறம் பழகிரும்” என்றான்.

பழகிரும் என்கிறான்! என்னைப் பார்த்து! என் வேலை செய்கிற இடத்துக்கே வந்து, பிள்ளைகள் முன்னால் வைத்து! எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையில் அகப்பட்ட கயிற்றை இழுத்தேன். கேட் அவன் முகத்துக்கு நேராக மூடிக்கொண்டது. அந்தக் கயிற்றை நான் பயன்படுத்தியது அந்த ஒரே தடவைதான் சார், சத்தியமாக.  அவன் பாட்டிலை மதில் மேல் வைத்துவிட்டுப் போனான்.

அந்த எண்ணெயா? இருக்கிறது, அதோ ஜன்னல் மேலே. பாதிதான் இருக்கிறதே என்று பார்க்கிறீர்களா? வெயிலுக்கு வற்றியிருக்கும்.

முப்பிடாதி அன்றைக்கு அழுதுவிட்டாள். “மன்னிச்சிருங்க தாத்தா. பாடத்துல அந்த வார்த்தைதான் இருந்துச்சு, நான் யோசிக்கவே இல்ல” என்றாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சின்னப் பிள்ளை மன்னிப்புக் கேட்டால் அது கணக்கில் வராது. வார்த்தையைப் போட்டவர் சொல்லணும். நான் மேடத்திடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன். “படத்தை மாத்த முடியாதுன்னா வேண்டாம். எங்கூட எங்க ஊருக்கு வாங்க. பலவேசம் வீட்டு வாசல்ல நில்லுங்க. உச்சிமாகாளி பயனாளி இல்ல, அந்த வார்த்தையை நான்தான் தெரியாமப் போட்டுட்டேன்னு அவங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும்.”

மேடம் லேப்டாப்பை மூடினார். “வாரேன் அண்ணாச்சி. கண்டிப்பா வாரேன். ஆனா அங்க வந்து நான் மட்டும் பேசினா போதுமா?” என்றார்.

வேறு யார் பேசணும்?

முப்பிடாதியும் பக்கத்தில் நின்றாள். படிப்பு முடித்துக்கொண்டு போகிற நாள் அது. இப்போது ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள். அவளும் ஏதோ கேட்டாள். “மேடம் போட்ட வார்த்தைக்கு மேடம் வந்து சொல்லுவாங்க தாத்தா. அந்தச் சித்தி பேருக்கு யாரு போய்ச் சொல்றது?” என்றாள். அவளுக்குப் பலவேசத்தின் மகள் எப்படிச் சித்தியானாள் என்று எனக்குத் தெரியவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் பேசுவது பாதி விளங்காது. எல்லாம் கலப்பு.

மேலே சத்தம் நின்றுவிட்டது. வகுப்பு முடிந்தது போல. போங்கள் சார், படியேறி வலது பக்கம் முதல் அறை. உங்கள் காலேஜிலும் இதையெல்லாம் செய்வீர்கள், உங்கள் வாட்ச்மேனையும் எதையாவது சொல்லிப் படம் பிடிப்பீர்கள், எனக்கென்ன. மேடத்திடம் என் விஷயத்தை மட்டும் ஞாபகப்படுத்துங்கள். போன மாதம் கேட்டேன், பரீட்சை என்றார். முந்தாநாள் கேட்டேன், இந்த மாதக் கடைசியில் என்றார். பரீட்சை வரும் போகும். பலவேசத்துக்குக் காது மந்தமாகிக்கொண்டு வருகிறதாம். இடது காது சுத்தமாகப் போய்விட்டது, வலது காதில் ஏதோ கொஞ்சம் விழுகிறது என்று ஊரிலிருந்து வந்தவன் சொன்னான். அது இருக்கும்போதே வந்து சொல்லணும். எனக்கு வரவேண்டியது அந்த ஒரு வார்த்தைதான் சார், இன்னும் வரவில்லை.